தோணியில் ஒரு பொத்தல்

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவலை நான் மூன்று தடவை தொடங்கினேன். இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. இப்போது எழுபத்தெட்டு. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தை எத்தனையோ பேரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் நூறு பக்கத்துக்குள் திருப்பித் தந்துவிட்டார்கள். “ஒண்டும் விளங்கல்ல காக்கா” என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெட்கம் தெரியும். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எனக்கும் விளங்கவில்லை. விளங்காமல் இருந்த அந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் மட்டக்களப்புப் பக்கத்து ஓட்டமாவடியில் பிறந்தவன். வாப்பாவுக்கு ஒரு தோணி இருந்தது. இரவில் ஆற்றில் இறால் பிடித்து, விடியச் சந்தைக்குக் கொடுப்பார். எனக்குக் கடலும் ஆறும் சரிவரவில்லை. இருபது வயதில் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களில் வயல் அறுத்து முடிந்ததும் லொறி லொறியாக வைக்கோல் வரும். ஆலை வளவில் மலைபோல் குவிப்பார்கள். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கூழாக்கி, கழுவி, பிழிந்து, உருளைகளுக்கிடையில் விட்டுக் கடதாசியாக எடுப்போம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அதே கூழ் மணத்தோடுதான் வீட்டுக்குப் போனோம்.

கணக்குப் பகுதியில் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாழைச்சேனைத் தமிழர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவரிடம் ஒரு பழக்கம். புதிதாக வந்த தாள் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். வெள்ளையாகத் தெரிகிற தாளுக்குள் மெல்லிய மஞ்சள் கீற்றுகள் அங்கங்கே கிடக்கும். “உள்ளுக்குள்ள வைக்கோல் தெரியுதா தம்பி?” என்று கேட்பார். தெரியும். பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்து எழுதத் தொடங்கிவிடுவார்.

எனக்கு வாசிப்பைப் பழக்கியவர் அவர்தான். இலங்கையின் முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் எழுதியது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். கண்டிச் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’. புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ கதையைப் படிக்கத் தந்துவிட்டு, மறுநாள் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் இருந்தார். கடலுக்கடியில் ஒரு நகரம், அதில் கனவா நினைவா என்று பிரிக்க முடியாத நிகழ்ச்சிகள். ஒரு கிழமை கழித்து நானே போய், “அது உண்மையா நடந்ததா அண்ணன்?” என்று கேட்டேன். “எனக்கும் அதுதான் கேள்வி” என்றார். ஒரு பெரிய மனிதர் தனக்குத் தெரியாததை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் முன்னர் கேட்டதில்லை.

பதிலுக்கு நான் அவருக்குக் கொடுத்தது மூத்தம்மாவின் ‘நூறு மசலா’. அட்டை கிழிந்த பழைய பதிப்பு. மசலா என்றால் வினா. ஓர் அரசகுமாரி தன்னை மணக்க வந்தவனிடம் நூறு விடுகதை போடுகிறாள், அவன் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறான். தமிழ் முஸ்லிம்களின் இலக்கியமே இப்படிக் கேள்வியில் தொடங்கியதுதான். முழுமையாகக் கிடைத்தவற்றில் மூத்ததான ‘ஆயிரம் மசலா’வை வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் பாடினார். மூத்தம்மா பன்பாய் இழைத்துக்கொண்டே நூறு மசலாவை ராகம் போட்டுப் படிப்பார். கேள்வியைப் படித்துவிட்டு விடையைச் சொல்லமாட்டார். இரண்டு பன் இழை போகும், மூன்று போகும். நாங்கள் பிள்ளைகள் சுற்றியிருந்து தவிப்போம். “இரிங்க மனே, பாய் வளரட்டும்” என்பார். தொடக்கத்தில் சிவப்பும் பச்சையும் தாறுமாறாகக் கிடக்கிற பாயில் முக்கால் முழம் போனபிறகுதான் பூ இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் மூத்தம்மா சூரத்துல் கஹ்ஃப் ஓதிவிட்டு அதிலுள்ள கதைகளை எங்களுக்குச் சொல்வார். குகையில் முந்நூறு வருடத்துக்கு மேல் தூங்கிய வாலிபர்கள், வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாய். பிறகு மூஸா நபியும் ஹிழ்ரும். தான் சொல்லும்வரை எதைப்பற்றியும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஹிழ்ர் மூஸா நபியைக் கூட்டிப்போகிறார். ஏழைகளின் தோணியொன்றில் ஏறுகிறார்கள். ஹிழ்ர் அந்தத் தோணியிலேயே பொத்தல் போடுகிறார். மூஸா நபியால் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிடுகிறார். தோணிக்காரர் மகனான எனக்கும் பொறுக்க முடியவில்லை. வாப்பா ஒரு சின்ன ஒழுக்குக்குப் பஞ்சும் தாரும் வைத்து எத்தனை நாள் அடைப்பார் என்று பார்த்தவன் நான். ஏற்றிப்போகிற ஆட்களுடைய தோணியையே உடைக்கிறவர் என்ன மனிதர்? கதையின் முடிவில்தான் காரணம் வரும். அவர்களுக்கு முன்னால் ஓர் அரசன், நல்ல தோணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டிருந்தான். “பொத்தல் தோணிய அவன் தொடமாட்டான் மனே” என்பார் மூத்தம்மா.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் அந்த இரவை அனுபவித்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் வயதைக்கூடச் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் பாலத்தால் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை அரிசி. பிள்ளைகளைப் பார்த்தார், உம்மாவிடம் பேசினார், பிறகு ஊறிப்போன என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றில் போட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

அந்த மனிதர்தான் 1990இல் என்னை அறுத்தெறிந்தார்.

யுத்தம் மறுபடி தொடங்கிய ஜூன் மாதத்துக்குப் பிந்திய நாட்கள். எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் அந்தப் பாலம்தான் இருக்கிறது, அன்றைக்கு ரயிலும் பஸ்ஸும் அதே இரும்புப் பாலத்தில்தான் ஓடின. ஆனால் மனிதர் கடக்க முடியாத தூரமாக அது ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மையித்தும் பிணமும் விழுந்தன. யார் செய்தது, யார் தொடங்கியது என்று இந்தக் கட்டுரையில் எழுத மாட்டேன். ஒருநாள் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அண்ணனைக் கண்டு கிட்டப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இனி என்ட வளவுக்குள்ள கால் வைக்காத. உனக்கும் எனக்கும் ஒரு கதையும் இல்ல” என்றார். அதுவரை என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. கடைக்கு முன்னால் சைக்கிளோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததே எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த ஒரு வசனத்தைத் தினமும் சுமந்தேன். மனைவி அவர் பேரை எடுத்தால் எழும்பிப் போய்விடுவேன்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. மக்கள் அங்கும் இங்கும் போய்வரத் தொடங்கினார்கள். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தால், அண்ணன் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மனைவி தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள், அவர் குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் பத்திரிகைத் தாள் சுற்றிய தடித்த புத்தகம்.

“உங்களுக்குத்தான் கொண்டு வந்தன் தம்பி. எனக்கு முழுசா விளங்கல்ல. ரெண்டு பேருமாப் பாத்தா விளங்கும்.”

பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன், ‘விஷ்ணுபுரம்’. 1997இல் வந்த நாவல். பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள் இருந்தன. வேறு ஓர் எழுத்தும் இல்லை, கேள்விக்குறி மட்டும்.

முதல் தடவை கோபத்தோடு வாசித்தேன். கோபம் இருக்கிறவனுக்கு எந்தப் புத்தகமும் திறக்காது. இரண்டாம் தடவை ஒரு கொப்பி எடுத்து, பாத்திரங்களின் பெயர், உறவு, சாங்கியம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன, வைசேஷிகம் என்றால் என்ன என்று எழுதிக்கொண்டே போனேன். கொப்பி நிரம்பியது, கதை போய்விட்டது. இது எதைக் குறிக்கிறது, அது எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் கணக்குப் பார்க்கிற வாசிப்பு ஒரு வகை அவசரம்தான். தோணியில் ஏறிய உடனே காரணம் கேட்பது போன்றது. பள்ளிக்கூடங்களில் கவிதைக்குக் ‘கருத்து’ எழுதச் சொல்லியே நம் பிள்ளைகளுக்கு இந்த அவசரத்தைப் பழக்கிவிட்டோம், அதில் எனக்குத் தீராத வருத்தம்.

மூன்றாம் தடவை கொப்பியை வைத்துவிட்டேன். சுபஹ் தொழுதபிறகு பத்துப் பக்கம், அதற்கு மேல் இல்லை. விளங்காத இடத்தில் நிற்கமாட்டேன், திரும்பிப் போகவும் மாட்டேன். பெயர் மறந்தால் மறக்கட்டும். தெரியாத ஊரில் போய் இறங்கியவன் முதல் நாளே எல்லாத் தெருவையும் மனப்பாடம் செய்வதில்லை. பள்ளிவாசல் எங்கே, கடை எங்கே என்று நடந்து நடந்துதான் பிடிபடும். அப்படித்தான் அந்த நகரத்துக்குள் நடந்தேன். சோனா என்ற சிவந்த ஆறு, அதன் கரையில் வானத்தை மறைக்கிற கோயில். உள்ளே படுத்திருக்கும் விஷ்ணு சிலையோ எவராலும் முழுமையாகப் பார்க்க முடியாத அளவு பெரியது. ஒரு வாசலில் பாதம், ஒரு வாசலில் நடு உடல், ஒரு வாசலில் முகம். நாவலின் மூன்று பகுதிகளும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்றுதான் பெயர் கொண்டிருக்கின்றன. அந்த விஷ்ணு யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்று ஊர் நம்புகிறது. அந்த மலையின் பழங்குடிகளோ அது தங்கள் பெருமூப்பன் என்கிறார்கள். காவியம் அரங்கேற்ற வருகிற ஒரு கவிஞன், காதலில் பித்துப்பிடித்து அலைகிற ஒருவன், தேர், யானை, திருவிழா, சகதி, பசி. பித்தனாக அலைந்தவன் பின்னொரு காலத்தில் ஆழ்வாராகிவிடுகிறான், அவனைப்பற்றிப் புராணம் பாடுகிறார்கள். அவன் அழுததைக் கூடவிருந்து பார்த்த வாசகனுக்கு அந்தப் புராணத்தைக் கேட்கையில் நெஞ்சு அடைக்கிறது.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்போது என்னிடம் கேட்டார், கோயில் கதையை நீங்கள் ஏன் வாசிக்கிறீர்கள் என்று. நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். பக்கத்து ஊர்க்காரன் எதைக் கண்டு கும்பிடுகிறான், எதை இழந்தால் அழுகிறான் என்று தெரியாமல் இத்தனை வருடம் அவர்களோடு வேலை செய்திருக்கிறோம், அந்த அறியாமைக்கு நாம் கொடுத்த விலை போதாதா என்றேன். அவர் பேசவில்லை. அந்த நாவல் கோயிலைக் கொண்டாடும் நாவலும் அல்ல, இடிக்கும் நாவலும் அல்ல. நம்பிக்கை எப்படி முளைக்கிறது, எப்படிக் கல்லாகிறது, அந்தக் கல்லுக்குள்ளும் என்ன துடிக்கிறது என்று பார்க்கிற நாவல். எந்த மார்க்கத்தில் நிற்கிறவனுக்கும் அது தன் வீட்டுக் கேள்விதான்.

இரண்டாம் பகுதியின் நடுவில்தான் எனக்கு அந்த அதிர்ச்சி வந்தது. முதற்பகுதி முடிந்து பல பக்கம் தாண்டியபிறகும் காலம் முன்னே போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அஜிதன் என்ற பௌத்தத் துறவி வருகிறார், ஞான சபையில் பவதத்தரோடு பெரும் விவாதம் நடக்கிறது. ஒரு விடியற்காலை, விளக்கைத் தூண்டிவிட்டு வாசித்துக்கொண்டிருக்கையில் சட்டென்று உறைத்தது. இது பிறகு நடந்ததல்ல, முந்தி நடந்தது. முதற்பகுதியில் புராணமாகிக் கிடந்த பெயர்கள்தான் இங்கே ஆட்களாக எழும்பி நிற்கின்றன. நான் முதலில் பார்த்தது விளைவு, இப்போது பார்ப்பது காரணம். அவ்வளவு பக்கமும் அந்த ஒரு கணத்தில் இடம் மாறி உட்கார்ந்தன.

மெக்சிக்கோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோ 1955இல் எழுதிய ‘பெத்ரோ பராமோ’வும் இப்படித்தான் என்று பின்னால் அறிந்தேன். தகப்பனைத் தேடி ஒரு மகன் ஊருக்குப் போகிறான், தன்னோடு பேசுகிறவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்பது போகப்போகத்தான் தெரியவருகிறது. பாரசீகத்து அத்தார் பாடிய பறவைகளின் கதையும் அதுவே. சீமுர்க் என்ற அரசனைத் தேடிப் புறப்பட்ட கூட்டத்தில் கடைசியாக மிஞ்சியவை முப்பது பறவைகள். பாரசீகத்தில் சீ என்றால் முப்பது, முர்க் என்றால் பறவை. தேடியதும் தேடினவையும் ஒன்றென்று கடைசியில்தான் விளங்கும். முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டால் அது வெறும் சிலேடை. அத்தனை பாலைவனத்தையும் கடந்து வந்தவனுக்கு மட்டும்தான் அது கண்ணீர்.

அந்த விடியற்காலை புத்தகம் மடியில் திறந்தபடி கிடக்க, சந்தியில் நின்ற அந்த நாள் எனக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தது. தேத்தண்ணிக் கடை, சைக்கிளோடு நின்ற இரண்டு பேர். அவர்கள் எங்கள் ஊரும் அல்ல, அண்ணனின் ஊரும் அல்ல. அடுத்த பக்கத்தாரோடு பழகுகிறவர்களைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு அந்த நாட்களில் பாலத்தின் இரண்டு தலைப்பிலும் இருந்தது. அண்ணன் அன்று தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார். கணக்குப் பகுதியில் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காமல் பேசுகிற மனிதர் அவர். சந்தி முழுக்கக் கேட்கும்படி எங்கள் சினேகிதத்தில் ஒரு பொத்தல் போட்டார். பொத்தல் விழுந்ததை ஒருவரும் பறிக்க வரவில்லை. அவர் வீட்டுக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை.

பன்னிரண்டு வருடம் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு அதுதான் முழு உருவம் என்று இருந்திருக்கிறேன். மனைவியை எழுப்பிச் சொன்னேன். “அண்டைக்கே எனக்கு அப்படித்தான் மனசுல பட்டிச்சு. நீங்கதான் அவர்ட பேர எடுக்க விடல்லயே” என்றாள்.

அண்ணனிடம் நேரே கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஓரிடத்தில் அவர் போட்டிருந்த கேள்விக்குறிக்குப் பக்கத்தில், பென்சிலால் ‘தோணி’ என்று ஒரு சொல் மட்டும் எழுதி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. வேறு நூறு விஷயம் பேசினோம். அதற்குப்பிறகு அந்தப் புத்தகம் பாலத்தைக் கடந்து எத்தனை தடவை போய்வந்தது என்று கணக்கில்லை. பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்தபிறகும் போய்வந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் முற்றம் முழுக்கத் தண்ணீர் நிற்க, கட்டிலில் கால் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை மறுபடி வாசித்தேன். அந்தப் பகுதியில் நகரமே பிரளயத்தில் மூழ்கும். முன்பு வாசித்தபோது அது எனக்கு வெறும் பயங்கரமாகத்தான் இருந்தது. சூறாவளியையும் சுனாமியையும் பார்த்த கிழவனாக இந்தத் தடவை வாசித்தபோது, அழிகிற நகரத்தின் மேல் அந்த எழுத்தாளனுக்கு இருந்த இரக்கம் தெரிந்தது. அதே பக்கங்கள்தான்.

பேரன் போன மாதம் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தான். “இவ்வளவு பெரிசா இரிக்கே, கதை என்ன மூத்தவாப்பா?” என்றான். ஃபோனில் பத்து நிமிஷத்தில் கதை சொல்கிற வீடியோ இருக்கும், பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்று தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: “உன்ட மூத்தம்மாவ எனக்குக் கலியாணம் பேசக்குள்ள, ஆள் எப்படியெண்டு பத்து நிமிஷத்துல சொல்லித்தான் தந்தாங்க மனே. சொன்னதெல்லாம் உண்மைதான். ஐம்பது வருஷமாகுது, நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்.” அவன் சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். நாற்பது பக்கம் வாசித்திருக்கிறான். யார் யாரென்று குழம்புகிறது என்றான். குழம்பட்டும், விடாதே என்றிருக்கிறேன்.

அண்ணன் 2016இல் காலமானார். கடைசியாகப் புத்தகத்தை வாங்கிப்போய் அவர் நெடுநாள் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் மகனிடம் கொடுத்தனுப்பினார். அவருக்குச் சுகமில்லாத நாட்கள் அவை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதிலேயே காலம் போனது, நான் அதைப் பிரிக்கவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாளுக்குப் போய்வந்த இரவில்தான் எடுத்து, இரண்டாம் பகுதியின் அந்தத் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அவருடைய பழைய கேள்விக்குறி. பக்கத்தில் நான் எழுதிய ‘தோணி’. அதற்குக் கீழே, நடுங்கிய கையால் போட்ட இன்னொரு கேள்விக்குறி.

எந்தத் தோணி என்று கேட்டாரா? அந்தக் கதை அவருக்குத் தெரியாதா? மூத்தம்மாவின் புத்தகத்தோடு அந்தக் கதையையும் எப்போதாவது நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேனா? அல்லது, இப்போதுதானா உங்களுக்கு விளங்கியது என்று கேட்டாரா? சில நாட்கள் சுபஹுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து, அவர் செய்வதுபோல யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.